முப்பத்து மூன்றாம் பக்கத்து வரி

1

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்காதீர்கள். இருமலுக்கு மருந்தாகவும் வேண்டாம், ஆசைக்கு நாக்கில் தொட்டு வைக்கவும் வேண்டாம், ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

அவ்வளவுதான். கைவேலை இருப்பவர்கள் இத்தோடு எழுந்து போய்விடலாம். இந்தக் கதையிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது இது ஒன்றுதான். மிச்சமெல்லாம், இந்த வரி எங்கே காணாமல் போனது, யார் போக்கடித்தது என்கிற சங்கதி.

உட்கார்ந்திருப்பவர்களிடம் ஓர் ஒப்புதல். முக்கியமான வரியை முதல் வரியாக வைப்பது எனக்குப் பழக்கமே இல்லை. இருபத்திரண்டு வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். கடைசி வரியில் வாசகரை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும் என்பதற்காகவே முன்னால் பத்துப் பக்கம் எழுதுகிற ஆள் நான். அதே புத்தியோடு ஒரு வைத்தியப் புத்தகமும் எழுதினேன். அதில் வந்த வினைதான் இது. பதின்மூன்று நாளைக்கு முன்பு, காலை பதினொன்றே கால் மணிக்கு, ஒரு பதிப்பகத்தின் மெய்ப்புத் திருத்தும் அறையில் இந்தக் கதை பிறந்தது. பிறந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பற்றிச் சொல்லத்தான் கை கூசுகிறது. ஏழாம் பகுதி வாக்கில் சொல்கிறேன்.

[ஓரத்தில் சிவப்பு மையில்: மறுபடியும் தள்ளிப் போடறீங்க.]

சரி, இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தைக்கு ஆபத்து வந்திருக்கலாம் என்று தெரிந்த அந்த நொடியில் என் மனதில் முதலில் எழுந்தது பயம் இல்லை. ‘அடடா, கதை கிடைத்துவிட்டது’ என்பதுதான். பயம் பின்னால் வந்தது. எவ்வளவு பின்னால் என்று கேட்காதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: “அன்று காலையிலிருந்தே தேனீக்கள்—”

அடித்தாயிற்று. இந்தக் கதையில் தேனீ எதுவும் வராது. நான் பார்த்த தேன் எல்லாம் மூடி போட்ட பாட்டிலில் இருந்த தேன்தான்.

இரண்டாம் முயற்சி: “அந்த அறையில் யாரும் பேசுவதில்லை. நான்கு சுவர்களுக்கும் நடுவே மௌனம்—”

சுவர் நாலுதானே இருக்கும், அதை எதற்கு எண்ணுகிறீர்கள் என்று கேட்டு இதையும் அடித்துவிட்டார்கள். அடித்தவர் அக்கா. சிவப்பு மையும் அவருடையதுதான். இந்தக் கதையின் நாயகியும் அவரே, மெய்ப்புப் பார்க்கிறவரும் அவரே. என் பிழைப்பு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே மூன்றாம் முயற்சி, அக்காவிடமிருந்து.

அக்காவுக்கு நாற்பத்தோரு வயது. பதிப்பகம் முழுக்க அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். அவரைவிடப் பத்து வயது மூத்த, கணினியில் பக்கம் கட்டுகிற ‘கத்தரி’ என்கிறவரும் அக்கா என்பார். நானும் அப்படித்தான். உண்மையில் அவரை அக்கா என்று கூப்பிடும் உரிமை உள்ளவள் ஒருத்திதான். அவரைவிடப் பதின்மூன்று வயது இளைய தங்கை. தாயில்லாத வீட்டில் அந்தத் தங்கைக்குத் தலை பின்னி, பள்ளிக்கு அனுப்பி, பரீட்சைக்குப் பாடம் ஒப்பிக்க வைத்து, கல்யாணமும் பண்ணி வைத்தவர் அக்கா. அந்தத் தங்கைக்கு இப்போது ஏழு மாதத்தில் ஒரு குழந்தை. வீட்டில் குழந்தைக்குப் பட்டப்பெயர் முதலாளி. எல்லோரும் அவருக்குத்தானே வேலை பார்க்கிறார்கள், அதனால்.

அக்கா ஒவ்வொரு வரிக்கும் கீழே ஓர் அடிக்கோலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படிப்பார். படிக்கும் நேரத்தில் கைபேசி மேசை இழுப்பறைக்குள் போய்விட வேண்டும். அது அந்த அறையின் சட்டம், சட்டம் போட்டவரும் அவர்தான். இன்னொரு வழக்கமும் உண்டு. அச்சாகித் தைத்து வந்துவிட்ட புத்தகத்தை அக்கா திறக்கவே மாட்டார். மெய்ப்புப் பார்ப்பவர்கள் பலரும் அப்படித்தானாம். திறந்தால் முதலில் கண்ணில் படுவது விட்டுப்போன ஒரு பிழையாகத்தான் இருக்கும். இனி திருத்தவும் முடியாது, தூக்கமும் போகும். அதனால் புதுப் புத்தகத்தை அட்டையை மட்டும் தடவிப் பார்த்து அலமாரியில் வைத்துவிடுவார். அல்லது யாருக்காவது கொடுத்துவிடுவார்.

இந்த வழக்கத்தைப் பார்த்து நாங்கள் எல்லாரும் சிரித்திருக்கிறோம்.

3

தேன் புத்தகம் பற்றி.

வீட்டு வைத்தியத்தில் தேன் என்று ஒரு சிறு புத்தகம் வேண்டும், முப்பத்திரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று பதிப்பாளர் கேட்டார். கதைக்காரனிடம் ஏன் கேட்டார் என்றால், எளிமையாக எழுதுவேன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நான் தேன் சம்பந்தமாக எதுவும் தெரியாமல்தான் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இந்த உலகத்தில் தேனைப் பற்றித் தெரியாத ஒரே ஆள் நான்தான். தையற்காரர் ஊசி குத்தின விரலைக் காட்டி, தேன் தடவினேன், மறுநாளே ஆறிவிட்டது என்றார். பேருந்து நடத்துநர் ஒருவர், கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டைக்கு மிளகுத்தூளும் தேனும்தான் என்று, எனக்குச் சீட்டுக் கிழிப்பதை நிறுத்திவிட்டு விளக்கினார். வாய்ப்புண்ணுக்குத் தேன். வறட்டு இருமலுக்கு இஞ்சிச்சாறும் தேனும். உடம்பு இளைக்க வெந்நீரில் தேன், உடம்பு தேறப் பாலில் தேன். இளைக்கவும் தேறவும் ஒரே சாமான்தானா என்று கேட்டதற்கு, “அதுதாங்க தேன்” என்று பெருமையாகப் பதில் வந்தது. தேன் என்ற சொல்லைக் காதில் போட்டதும் மனிதர்கள் முகமே மாறிவிடுகிறது. தலைவலி மாத்திரையைப் பற்றி யாரும் இவ்வளவு ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை.

எழுதி முடித்ததை ஒரு மருத்துவரிடம் காட்டினேன். அவர் பாதியை வெட்டினார். வெட்டியது போக ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். இந்தக் கதையின் முதல் வரி அது. தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்து இருக்குமாம். நம் வயிற்றில் அது முளைக்காமலே போய்விடும். ஒரு வயது நிறையாத வயிற்றில் அது முளைத்து நஞ்சு கக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பொல்லாதது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு இனிப்புக்கு நடுவில் இப்படி ஒரு கசப்பு. உடனே தோன்றிவிட்டது, இதை எங்கே வைக்க வேண்டும் என்று. புத்தகத்தின் கடைசி அத்தியாயம் ‘குழந்தைகளுக்கு வரும் இருமல்’. அதன் கடைசிப் பத்தியின் கடைசி வரியாக வைத்தேன். முழுப் புத்தகமும் தேனைப் புகழ்ந்துகொண்டே வந்து, முடிகிற இடத்தில் சுரீர் என்று ஓர் எச்சரிக்கை. எழுதிவிட்டு எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தேன். எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

4

கத்தரி பற்றி. அவருக்கு அந்தப் பெயர் வந்ததே, எதையும் பக்கத்துக்குள் அடங்கும்படி நறுக்கிவிடுவதால்தான். நல்ல மனிதர். கதையில் கெட்டவர் ஒருவர் வேண்டும் என்று அவரைக் கொஞ்ச நேரம் அப்படி ஆக்கிப் பார்த்தேன். (“கத்தரியின் கண்களில் ஒரு குரூரம்—”) ஒத்து வரவில்லை. அவர் மேசையில் பேத்தி வரைந்த யானைப் படம் ஒட்டியிருக்கிறது.

நடந்தது இதுதான். அக்கா கடைசி மெய்ப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. அதில் அந்த வரி இருந்தது. அதன் பிறகு பதிப்பாளர் முன்னுரையில் இரண்டு சொல் கூட்டினார். இரண்டு சொல் கூடியதும் வரிகள் எல்லாம் கீழே தள்ளிக்கொண்டே போய், கடைசி வரி முப்பத்து மூன்றாம் பக்கத்தில் தனியாக விழுந்துவிட்டது. அச்சுக்கூடத்தில் பதினாறு பக்கம் ஒரு பாரம். இரண்டு பாரத்துக்கு முப்பத்திரண்டு பக்கம். முப்பத்து மூன்றாவது பக்கம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

அன்று அக்கா விடுப்பு. அதனால் கத்தரி எனக்குப் போன் செய்தார். ஒரு வரி வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டார். நான் அப்போது வேறு ஒரு கதையில் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன். வாக்கியம் கலைந்துவிடுமே என்ற பதற்றம்.

“வெட்டிடுங்க” என்றேன்.

எந்த வரி என்று நான் கேட்கவில்லை. இதை மூன்று விதமாக மாற்றி எழுதிப் பார்த்தேன். இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று ஒன்று. கத்தரி வரியைச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று ஒன்று. அவர் சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது என்று ஒன்று. மூன்றையும் அடித்துவிட்டேன். இணைப்பு நன்றாக இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

5

புத்தகம் தைத்து வந்தது. முதல் கட்டைப் பிரித்து ஒரு பிரதியை அக்கா எடுத்தார், அட்டையைத் தடவினார், வழக்கம்போலத் திறக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார். தங்கை இந்த மாதிரி வீட்டு வைத்தியம் எல்லாம் ஆசையாகப் படிப்பாள். அன்று சாயங்காலமே அவளிடம் கொடுத்துவிட்டார். மற்ற கட்டுகள் அச்சுக்கூடத்திலேயே, மறுநாள் கடைகளுக்குப் போகக் காத்திருந்தன.

மறுநாள் காலை பதினொன்றே கால் மணிக்கு நான் அக்காவின் அறைக்குப் போனேன். போனதே தற்பெருமைக்காகத்தான். கடைசி வரி எப்படி இருந்தது என்று அவர் வாயால் கேட்க வேண்டும். அவர் அச்சான புத்தகத்தைத் திறக்க மாட்டாரே, நானே ஒரு பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை. அவர் பழக்கதோஷத்தில் அடிக்கோலை எடுத்து வைத்துவிட்டார்.

“அரைத் தேக்கரண்டித் தேனை மெதுவாக நக்கக் கொடுத்தால் போதும். இருமல் அடங்கிக் குழந்தை நன்றாகத் தூங்கும்.”

அடிக்கோல் அதற்குக் கீழே நகர்ந்தது. கீழே வெற்றிடம். அக்கா எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே பின்னட்டையின் உட்புறம், பால்போல வெள்ளையாக.

“சார், அந்த வரி எங்க?” என்றார்.

எனக்குப் போன் வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. இழுப்பறையைத் திறந்து கைபேசியை எடுத்தார். தங்கையிடமிருந்து நான்கு அழைப்புகள். எல்லாம் ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவில்.

முதல் நாள் சாயங்காலத்திலிருந்து முதலாளிக்கு இருமல். அது அக்காவுக்குத் தெரியும்.

திரும்ப அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, நானும் வருகிறேன் என்ற என்னைத் தடுத்து, அச்சுக்கூடத்துக்கு ஓடச் சொன்னார். ஒரு கட்டு வெளியே போயிருந்தாலும் தொலைந்தோம் என்றார். ஓடினேன். போகிற வழியெல்லாம் என் சட்டைப்பையில் இருந்த துண்டுச் சீட்டில் குறிப்பு எழுதிக்கொண்டே போனேன். ‘பால்போல வெள்ளையான பின்னட்டை’ என்பது அந்தச் சீட்டில் இருந்ததுதான்.

கட்டுகளை வண்டியில் ஏற்றும் நேரத்தில் போய் மறித்தேன். ஒன்றுகூட வெளியே போகவில்லை. எண்ணிப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். ஊருக்குள் போயிருந்தது ஒரே ஒரு பிரதி. அது ஏழு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் இருந்தது.

6

இனி நடப்பதை நான் பார்க்கவில்லை. ஆகையால் ஜோராக எழுதினேன்.

“பேருந்தின் ஜன்னலோரத்தில் அமர்ந்து அக்கா விம்மி விம்மி அழுதார். வெளியே மழை—”

[மழை இல்லை. உட்கார இடம் இல்லை. அழவும் இல்லை.]

திருத்திய வடிவம். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருமுறை தங்கைக்கு அடித்தார். இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே, சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது இறங்கி ஓடினார். இருபது வருடத்தில் அவர் ஓடியது அன்றுதான் என்று அவரே சொன்னார். அந்தத் தெருவில் உள்ள கடைப் பலகைகளில் பதினொரு பிழைகள் உண்டு, போகும்போதும் வரும்போதும் அவை கண்ணில் குத்தும். அன்று ஒன்றுகூடத் தெரியவில்லையாம்.

மூன்றாம் மாடி. கதவைத் தட்டுகிறார். இந்த இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். வேண்டுமானால் நீங்களும் பிடித்துக்கொள்ளலாம். தங்கை கதவைத் திறக்கிறாள், அவள் கையில் ஒரு கரண்டி, கரண்டியில் தங்க நிறத்தில் தேன், அக்கா பாய்ந்து அதைத் தட்டி விடுகிறார், கரண்டி சுழன்று சுழன்று—

[இல்ல சார்.]

இல்லைதான். கரண்டி ஒரு மணி நேரத்துக்கு முன்பே கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. முதலாளி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்துவிடக் கூடாது என்று தங்கை கைபேசியை ஊமையாக்கி வைத்திருந்தாள். கதவைத் திறந்தவள் உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று சைகை காட்டினாள். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. தேன் கொடுத்தாயா என்று மட்டும் கேட்டார்.

“அரைக் கரண்டி ஜாஸ்தியோன்னு கேக்கத்தான் உனக்கு நாலு தடவ அடிச்சேன். நீ எடுக்கல. சரி, நீ பாத்த புத்தகம்தானே, அதுல தப்பா இருக்கப்போகுதுன்னு பாதியாக் குறைச்சுக் கொடுத்துட்டேன்” என்றாள் தங்கை. சொல்லிவிட்டுச் சிரித்தாள். “சப்புக் கொட்டிச் சாப்பிட்டான்க்கா.”

நீ பாத்த புத்தகம்தானே. இந்த மூன்று சொல்லை நான் எழுதவில்லை. கதையில் நான் எழுதாத நல்ல வரிகள் எல்லாம் இந்த மாதிரிதான் வந்து சேர்கின்றன.

[நல்ல வரின்னு சொல்லாதீங்க.]

7

மருத்துவமனைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தை மருத்துவர் பதற்றப்படாத பெண்மணி. கொடுத்தது கால் கரண்டி, கொடுத்தது ஒருமுறை. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றார். பெரும்பாலும் என்றால் என்ன என்று அக்கா கேட்டார். சொற்களை அடிக்கோல் வைத்துப் படிக்கிறவர் அல்லவா. மருத்துவர் கொஞ்சம் யோசித்து, முப்பது நாள் கவனமாகப் பாருங்கள் என்றார். வயிறு கட்டிக்கொள்கிறதா, பால் உறிஞ்சும் வேகம் குறைகிறதா, இமை தொங்குகிறதா, கழுத்து துவள்கிறதா, அழுகைச் சத்தம் மெலிந்துபோகிறதா. ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிடமே கொண்டு வந்துவிட வேண்டும். தெரியாவிட்டால் முப்பதாம் நாள் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விடலாம்.

அன்றிலிருந்து அக்கா தினமும் வேலைக்கு வரும் முன்பு தங்கை வீட்டுக்குப் போகிறார். முதலாளி பால் குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். ஒரு புத்தகத்துக்கு இத்தனை கவனம் கொடுத்ததில்லை என்கிறார். தங்கை அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். பேசினாலும் கடுகடுவென்று ஒரு சொல். அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கத்தரிதான் சொன்னார். அவர் தன் கையாலேயே அந்த வரியைத் தனிச் சீட்டாக அச்சடித்து, ஒவ்வொரு புத்தகத்திலும் அட்டையைத் திறந்ததும் படும்படி ஒட்டிக்கொண்டிருக்கிறார். வேறு யாரையும் ஒட்ட விடுவதில்லை.

நானும் தினமும் காலையில் அக்காவின் அறை வாசலில் நின்றேன். எப்படி இருக்கிறது குழந்தைக்கு என்று கேட்பேன். நன்றாகக் குடித்தான், நன்றாகக் கத்தினான் என்பார். ஐந்தாம் நாள் அப்படிக் கேட்டபோது அக்கா அடிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒண்ணும் ஆகலன்னு சொன்னா உங்க முகம் கொஞ்சம் வாடுது சார்” என்றார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இந்த இடத்தில் என்ன பதில் சொன்னேன் என்று எழுத, நான் ஆறு வாக்கியம் எழுதி ஆறையும் அடித்தேன். உண்மையில் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கூடவே, இதுவும் கதைக்கு நன்றாக இருக்கும் என்று தோன்றியது. என் புத்தி இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது, அதை ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது.

8

முடிவுகள்.

முதல் முடிவு: முப்பது நாளும் நல்லபடியாகக் கழிகிறது. அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். பதிப்பகத்தில் எல்லாருக்கும் இனிப்பு. எழுதினேன், எனக்கே சப்பென்று இருந்தது.

இரண்டாம் முடிவு: கதை எழுதியவனே கதைக்குள் புகுந்து, போனில் “எந்த வரி?” என்று கேட்டுவிடுகிறான். எல்லாம் முதலிலிருந்து நடக்கிறது. இதை எழுதும்போது குஷியாக இருந்தது. எழுதி முடித்த பிறகு, நடந்ததை நடக்காததாக்கி என்னை நானே விடுதலை பண்ணிக்கொள்கிற வேலை என்று புரிந்தது. கிழித்துப் போட்டேன்.

மூன்றாம் முடிவு. எது என்று உங்களுக்குத் தெரியும். பதினொன்றாம் நாள் எழுதினேன். இரண்டரைப் பக்கம். ஒரே மூச்சில் வந்தது. கை வலிக்க வலிக்க எழுதினேன், என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல எழுத்து என்று அப்போது நினைத்தேன். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன். முதல் முடிவையும் இதையும் சேர்த்து அக்காவிடம் கொடுத்தேன். எதைத் தேர்ந்தெடுப்பது என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

அக்கா மறுநாள் மூன்றாவதை மட்டும் திருப்பித் தந்தார். முழுக்கப் படித்திருந்தார். இரண்டு இடத்தில் காற்புள்ளி சேர்த்திருந்தார், ஓர் இடத்தில் விட்டுப்போன ஒற்றெழுத்தைப் போட்டிருந்தார். தன் தங்கையின் குழந்தை சாகிற பக்கத்திலும் அவர் தன் வேலையை அரைகுறையாகச் செய்யவில்லை. ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. வாயால் சொன்னார்.

“பிழை எதுவும் இல்ல. என் தங்கச்சிகிட்ட நீங்களே வந்து வாசிச்சுக் காட்டிடுங்க. அவ சரின்னு சொன்னா அச்சுக்குக் கொடுத்துடலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

9

இன்று பதின்மூன்றாம் நாள். வேலை முடிந்து அக்காவோடு போனேன். மூன்று மாடி ஏறுவதற்குள் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. படி ஏறியதால் என்று எழுதியிருந்தேன். அக்கா அடிப்பதற்குள் நானே அடித்துவிட்டேன்.

தங்கை கதவைத் திறந்தாள். இடுப்பில் முதலாளி. துணி உலர்த்தும் கொடி, தரையில் ஒரு பாய், பாயில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் இரண்டு கரண்டியும், ஜன்னலில் சாயங்கால வெயில். எழுதி வைத்துக்கொண்டு போன முன்னுரை எதுவும் எனக்கு வாயில் வரவில்லை.

“அந்த வரிய வெட்டச் சொன்னது நான்தாம்மா. என்ன வரின்னு கேக்கக்கூட இல்ல” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள். அக்கா இத்தனை நாளும் யார் வெட்டச் சொன்னார்கள் என்று அவளிடம் சொல்லவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ‘நான் பார்த்த புத்தகம், நான்தான் பொறுப்பு’ என்று சொல்லி, பதின்மூன்று நாள் கோபத்தையும் தானே வாங்கிக்கொண்டிருக்கிறார்.

“ஏன்க்கா சொல்லல?” என்றாள் தங்கை.

“சொன்னா மட்டும் கொடுத்தது இல்லன்னு ஆயிடுமா” என்றார் அக்கா.

தங்கைக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, நான் இதைக் கதையாக எழுதுகிறேனாமே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிள்ளையைப் பார்க்காமலே எப்படி எழுதுகிறீர்கள் என்றாள்.

“கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க” என்றாள்.

கழுவிவிட்டு வந்தேன். அவள் முதலாளியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டாள்.

பதின்மூன்று நாளாக நான் எழுதிக்கொண்டிருந்த ஆளை அப்போதுதான் பார்க்கிறேன். நான் நினைத்ததைவிடக் கனம். சூடாக இருந்தார். கழுத்தை நேராக நிமிர்த்தி, இரண்டு கண்ணையும் அகல விரித்து என் முகத்தை மேலும் கீழுமாகப் படித்தார். அக்கா வீட்டுப் பிள்ளை அல்லவா. என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு இது நமக்குத் தெரியாத ஆள் என்று முடிவுக்கு வந்தார். கீழ் உதடு மெல்லப் பிதுங்கியது. ஒரு மூச்சு உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம் அழுதார்.

அது என்ன அழுகை! வீடு அதிர்ந்தது. மேல் மாடியில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். முதலாளி முகம் சிவந்து, கையைக் காலை உதைத்து, என் தோளில் ஓங்கி ஓங்கி அறைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தார். எந்த வீட்டிலும் குழந்தை இப்படி அழுதால் நாலு பேர் ஓடி வந்து வாங்கிச் சமாதானப்படுத்துவார்கள். இந்த வீட்டில் யாரும் அசையவில்லை. தங்கை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் இன்னும் ஒரு படி மேலே போனபோது தங்கை அக்காவின் கையைப் பிடித்தாள்.

“நேத்த விட ஜாஸ்திக்கா” என்றாள்.

இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். தங்கைக்குச் சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. எனக்குக் காது அடைத்துப்போய், கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், சந்தோஷத்தில் நின்ற இடத்திலேயே குதித்தேன். குதித்ததைப் பார்த்து முதலாளி இன்னும் பலமாகக் கத்தினார். அந்தச் சந்தோஷத்தில் கதை எதுவும் இல்லை. துண்டுச் சீட்டு நினைவுக்கே வரவில்லை. இதை வீட்டுக்கு வந்து, நினைவிலிருந்து எழுதுகிறேன்.

10

இந்தக் கதை வரப்போகும் இதழ் நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. இன்னும் பதினேழு நாள் பாக்கி இருக்கிறது. முப்பதாம் நாள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன். நீங்கள் இதைப் படிக்கும் நேரத்தில் அக்கா எங்கோ ஒரு நாளை எண்ணிக்கொண்டிருப்பார், அல்லது எண்ணி முடித்திருப்பார்.

முடிவு இல்லாத கதை பிடிக்காதவர்கள் இருப்பீர்கள். உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன், எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். சப்பென்று எழுதினாலும் சரி, சுரீர் என்று எழுதினாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனைதான். எழுதியதை எடுத்துக்கொண்டு அந்த மூன்றாம் மாடிக்குப் போக வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முதலாளியை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மற்றக் கையில் தாளைப் பிடித்து, அவருடைய அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும்.

நான் போனபோது என் பையில் அந்த இரண்டரைப் பக்கம் இருந்தது. திரும்பி வந்தபோதும் பையிலேயே இருந்தது.